கூட்டமாக வரும் எதிரிகளுக்கு ஒரு வாடிவாசல்

ஆக்‌ஷன் ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரத்தை வளர்த்தபடி நேரடியாகச் சண்டையிடும்) வீடியோ விளையாட்டுகளில் எதிரிகள் கூட்டமாகப் பாய்ந்ததும் அநியாயம் என்று கன்ட்ரோலரை வைத்துவிடுபவர்கள், அலங்காநல்லூர் வாடிவாசலை நினைத்துக்கொள்ளலாம். பின்னால் எத்தனை காளைகள் காத்திருந்தாலும் அந்தக் குறுகலான வழியில் ஒவ்வொன்றாகத்தான் வெளிவருகின்றன. 2011இல் வெளியான டார்க் சோல்ஸ் என்ற அத்தகைய விளையாட்டில், எறிகத்தியால் ஒருவனை மட்டும் சீண்டிவிட்டு வாசல் நிலைக்குப் பின்வாங்கினால், பெரும்பாலும் அவன் தனியாகவே வந்து சேருவான். இணைய இணைப்பில் ஆடும்போது தரையில் தெரியும் இரத்தக்கறையைத் தொட்டால், அங்கே மாண்ட ஆட்டக்காரரின் கடைசி நொடிகள் நிழலுருவாக ஓடும். அடித்தவன் தெரியமாட்டான் என்றாலும், அவர் எந்தப் பக்கம் திரும்பி விழுகிறார் என்பதே மூலையில் பதுங்கியிருப்பவனைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். இத்தகைய தடயம் எதுவும் வைக்காத பதுங்குதாக்குதலை மட்டுமே நான் அநியாயம் என்பேன்.