கரி பூசாமல் ரோசா பார்க்ஸ்: பள்ளி ஆண்டு விழாவுக்கு வேடம் கட்டும் முறை

ஜனவரி பிறந்தால் கோபி, பொள்ளாச்சி, தாராபுரம் பக்கத்துப் பள்ளிகளில் ஆண்டு விழா ஒத்திகை தொடங்கிவிடும். மண்டேலா, மார்ட்டின் லூதர் கிங், ‘ஆப்பிரிக்கா டான்ஸ்’ என்று பட்டியலில் ஏதாவது ஒன்று இருக்கும். உடனே கருப்பு மை வாங்கக் கடைக்கு ஆள் போகும். “பூசினாத்தானுங்க ஆளு தெரியும்” என்பார் டான்ஸ் மாஸ்டர். பூசாமலே தெரிய வைக்கலாம்.

ஏன் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். 1830-களில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளைக்கார அமெரிக்க நடிகர், முகத்தில் கரி பூசி, ‘ஜிம் க்ரோ’ என்ற கறுப்பராகக் கோணல்மாணலாக ஆடிப் பேர் வாங்கினார். 1843-இல் நியூயார்க்கில் வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ் என்ற குழு அதை முழுநேர நிகழ்ச்சியாக்கியது. இந்த ஆட்டத்துக்கே மின்ஸ்ட்ரல் என்று பேர். பாட்டில் மூடும் கார்க்கைச் சுட்டுப் பொடித்து, தண்ணீரில் குழைத்து அப்புவார்கள். உதட்டை மட்டும் பெரிதாகக் காட்டுவார்கள். அரைவட்டமாக நாற்காலிகள், நடுவில் கேள்வி கேட்பவர், இரு முனையிலும் கோமாளிகள். தொழில்முறைக் குழுக்கள் ஓய்ந்த பிறகும் இது சாகவில்லை. சிரிப்புத் துணுக்கு முதல் கரி குழைக்கும் விதம் வரை அச்சிட்ட கையேடுகள் விற்றன. ஊர்ப்புறப் பள்ளிகள் நிதி திரட்ட 1950-களிலும் பிள்ளைகளை அப்படி ஆடவைத்தன. கறுப்பர் என்றால் சோம்பேறி, மூடர் என்ற பாடத்தை அந்தப் பிள்ளைகளுக்கு மேடையே நடத்தியது. கறுப்பரை ஒதுக்கிவைத்த சட்டங்களுக்கும் ‘ஜிம் க்ரோ சட்டங்கள்’ என்றே பேர் நின்றது. அந்தச் சட்டத்தை எதிர்த்து, பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட்டு எழ மறுத்த அமெரிக்கக் கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸின் வேடத்துக்கே அதே கரியைப் பூசுவது பெரிய பிழை.

இனி வேலைக்கு வருவோம். வேடத்துக்குப் பிள்ளையைத் தேர்வு செய்யும்போதே தவறு ஆரம்பிக்கிறது. வகுப்பில் கருப்பாக இருக்கும் பிள்ளையைப் பார்த்து “நீதான் கண்ணு ரோசா பார்க்ஸ்” என்று நிறுத்தாதீர்கள். கரியைத் தவிர்த்துவிட்டு இதைச் செய்தால் அந்தப் பிள்ளைக்கு வலி இன்னும் அதிகம். நடிக்க ஆசைப்படுகிறவர்கள் பேரை எழுதிச் சீட்டுக் குலுக்குங்கள். வெள்ளையராக நடிப்பவருக்கும் பவுடர் அப்ப வேண்டாம்.

ரோசா பார்க்ஸுக்கு வேண்டியவை: வட்டக் கண்ணாடி, சின்னத் தொப்பி, முழங்காலுக்குக் கீழே இறங்கும் கோட்டு, கைப்பை. அவர் தையல் வேலை பார்த்தவர். ஆகவே கைப்பைக்கு வெளியே ஒரு இஞ்ச் டேப் தொங்கட்டும். திருப்பூர்ப் பக்கம் அதை விளக்கவே வேண்டியதில்லை. பஸ்ஸுக்கு 8 நாற்காலி போதும். ஒரு வரிசைக்கு 4, நடுவில் ஆள் நடக்க இரண்டடி வழி. முன் வரிசையில் ‘வெள்ளையர்’, பின் வரிசையில் ‘கறுப்பர்’ என்று அட்டை மாட்டுங்கள். பஸ் மேடைக்குக் குறுக்காக நிற்கட்டும். ரோசாவின் ஜன்னல் பக்கம் பார்வையாளர் பக்கம் இருக்கவேண்டும். முன் வரிசை நிரம்பி ஒரு வெள்ளையர் நிற்கிறார், டிரைவர் பின் வரிசை நால்வரையும் எழச் சொல்கிறார், மூவர் எழுகிறார்கள். ரோசா எழாமல் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்கிறார். அந்த நகர்வுதான் நாடகத்தின் உயிர். 5 விநாடி பேச்சில்லாமல் விடுங்கள். பின்னணி இசையும் வேண்டாம்.

வசனத்தில் இரண்டு தப்பு திரும்பத் திரும்ப வரும். அவர் வெள்ளையர் இருக்கையில் உட்கார்ந்தார் என்பது ஒன்று. அவர் இருந்தது கறுப்பருக்கான பகுதியில். தள்ளாத கிழவி என்பது இன்னொன்று. அப்போது வயது 42. தலைக்கு வெள்ளை அடிக்கவேண்டிய வேலையே இல்லை. பிறகு அந்த ஊர்க் கறுப்பர்கள் நடத்திய பஸ் புறக்கணிப்பு 381 நாள்.

சின்ன வகுப்புக்கு ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் பொருத்தம். அடிமையாகப் பிறந்து, டஸ்கீகி பள்ளியில் வேளாண்மை கற்பித்து, 1916-இல் நிலக்கடலையில் 105 விதப் பண்டம் செய்ய வழி எழுதி வெளியிட்டவர். கோட்டு, சட்டைக் காலரருகே ஒரு பூ, கையில் தட்டு நிறையக் கடலைக்காய். அரைக் கிலோ போதும். தட்டுக்கு விளிம்பு இருக்கட்டும். வெறுங்காலில் ஆடும் மேடையில் சிதறினால் அடுத்த நடனப் பிள்ளைகள் வழுக்கி விழுவார்கள். வயதான கார்வர் என்றால், எண்ணெய் இல்லாத தலையில் சீப்பால் பவுடர் தடவி, அதன் பிறகே கோட்டை மாட்டுங்கள். எண்ணெய்த் தலையில் பவுடர் மாவாகத் திரளும்.

‘காட்டுவாசி டான்ஸ்’ என்று இலையைக் கட்டி, கரி பூசி, ஊளையிட வைப்பது இந்த மண்ணின் மின்ஸ்ட்ரல் ஆட்டம். தாளவாடியிலிருந்தும் ஆனைமலையிலிருந்தும் வந்து படிக்கும் சோளகர், இருளர், மலசர் பிள்ளைகள் அதைக் கீழே உட்கார்ந்து பார்க்கிறார்கள். அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர்கள் ஆட்டமே வேண்டுமென்றால், ஊர்ப் பெரியவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் பஸ் செலவும் சம்பளமும் கொடுத்துக் கற்றுத்தரச் சொல்லுங்கள்.

யாராவது ஏற்கெனவே பூசிவிட்டால் சோப்பை முதலில் போடாதீர்கள். கரி இழுபட்டுக் கண்ணுக்குள் போகும். பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு 2 நிமிடம் ஊறவிட்டு, கண்ணிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்து, கடைசியில் சோப்பு. ஹேர் டை பூசியிருந்தால் ஊறவிடாமல் உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். முகம் வீங்கினாலோ கொப்புளம் வந்தாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

தொகுப்பாளர் தாளையும் ஒருமுறை படித்துவிடுங்கள். “இதோ வர்றாங்க நம்ம கருப்பு நண்பர்கள்” என்று இருந்தால் அடித்துவிட்டு, “1955 டிசம்பர் 1, மாண்ட்கொமரி நகரம், ஒரு டவுன் பஸ்” என்று எழுதிக் கொடுங்கள். அதைச் சொல்லி முடித்ததும் விளக்கைப் போடலாம்.