பாடேயின் ஜன்னல் வழியாகப் பால்வீதியின் நடுவை அளப்பது எப்படி

தனுசு விண்மீன்களைக் கோடிட்டு இணைத்தால் ஒரு தேநீர்க் கெண்டி வரும். அதன் மூக்கு நுனிக்குப் பக்கத்தில் தூசி குறைந்த ஒரு சந்து இருக்கிறது. 1940-களில் மவுண்ட் வில்சனில் வானியலாளர் வால்டர் பாடே அந்தச் சந்து வழியாகத்தான் பால்வீதியின் நடுப் புடைப்பைப் பார்த்தார். யாருக்குச் சொல்லிக் கொடுத்தாலும் நான் அங்கேதான் தொடங்கச் சொல்வேன். தொலைநோக்கி வேண்டாம், டாப்கேட் என்ற, விண்மீன் அட்டவணைகளைத் திறந்து வரைபடம் போடும் மென்பொருள் இருக்கும் மடிக்கணினி போதும்.

டாப்கேட்டிலிருந்தே விசியர் என்ற இணைய அட்டவணைச் சேவையில் டூமாஸ் (2MASS) அகச்சிவப்பு விண்மீன் அட்டவணையைத் திறந்து, அந்த ஜன்னலுக்குள் இருக்கும் விண்மீன் கொத்தான என்ஜிசி 6522-இன் பெயரைக் கொடுத்து, 12 ஆர்க்மினிட் (ஓர் ஆர்க்மினிட் பாகையில் அறுபதில் ஒரு பங்கு) ஆரத்துக்குள் இருக்கும் விண்மீன்களை இறக்குங்கள். ஆரத்தைக் கூட்டினால் பக்கத்துக் கொத்தான என்ஜிசி 6528 உள்ளே வந்துவிடும். ஜே, ஹெச், கே என்ற மூன்று அகச்சிவப்பு அலைநீளப் பட்டைகளிலும் தரக்குறி 'ஏ' இல்லாத வரிகளை நீக்குங்கள்.

இன்னொரு வெட்டும் உண்டு. முதல் தடவை நான் வரைந்த நிறம்-பிரகாசப் படத்தில், செம்பூதங்கள் (வீங்கிச் சிவந்த முதிய விண்மீன்கள்) வரிசையாக நிற்கும் கிளைக்கு இடப்பக்கம் மெல்லிய கீற்று ஒன்று தெரிந்தது. இரண்டு இரவு அதைப் புடைப்பின் தனி இனம் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். அது என்ஜிசி 6522 கொத்தின் சொந்த விண்மீன்கள். உலோகம் (வானியலில் ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள் எல்லாமே) குறைந்தவை, அதனால் நீலப் பக்கம் ஒதுங்கியவை. நடுவில் 3 ஆர்க்மினிட்டை வெட்டியதும் கீற்று போய்விட்டது.

சரி, இப்போது வரையலாம். கிடை அச்சில் ஜே கழித்தல் கே, அதாவது நிறம். செங்குத்து அச்சில் கே பிரகாசம், மேக்னிடியூட் என்ற அளவில். எண் குறையக் குறைய பிரகாசம் கூடும் என்பதால் அச்சைத் தலைகீழாக்க வேண்டும். இடப்பக்கம் செங்குத்தாக நிற்கும் பட்டை நமக்கும் புடைப்புக்கும் நடுவில் இருக்கும் தட்டு விண்மீன்கள். வலப்பக்கம் சாய்ந்து ஏறுவது புடைப்பின் செம்பூதக் கிளை. அந்தக் கிளையில் கே 13-ஐ ஒட்டி புள்ளிகள் திடீரென்று அடர்கின்றன, பாருங்கள். அதுதான் சிவப்புத் திரள்.

இந்த வேலையின் உயிரே அந்தத் திரள்தான். மையத்தில் ஹீலியம் எரிக்கும் விண்மீன்கள் அவை. சொந்தப் பிரகாசம் ஏறக்குறைய ஒன்றே, கே-யில் சுமார் -1.6. சொந்த நிறம் ஏறத்தாழ 0.68. படத்தில் திரள் 0.95 பக்கம் உட்கார்ந்திருந்தால், மிச்சம் 0.27 தூசி சேர்த்த சிவப்பு. அதை 0.53-ஆல் பெருக்கினால் கே-யில் தூசி தின்ற அளவு, சுமார் 0.14. (இந்தப் பெருக்கு எண்ணை ஆளுக்கொரு மாதிரி எடுப்பார்கள், 0.7 வரை போகும். எதை எடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள்.) திரளின் கே 13-இலிருந்து அதைக் கழித்து, 1.6 கூட்டினால் 14.5 பக்கம் வரும். இது தூரத்தை மேக்னிடியூட் கணக்கில் சொல்லும் எண். ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு. இந்த எண் முதல் தடவை என் திரையில் வந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

கிளையின் அகலத்தையும் விடாதீர்கள். தூசியின் ஏற்ற இறக்கம் போக மிஞ்சும் அகலத்தில் பெரும்பங்கு விண்மீன்களின் உலோக அளவு வேறுபாடு. வயதை மட்டும் இதில் தேடாதீர்கள். அதற்கு மங்கலான திரும்புமுனை விண்மீன்கள், அதாவது செம்பூதமாகத் திரும்பத் தொடங்கும் விண்மீன்கள் வேண்டும். இந்த நெரிசலில் அவற்றைப் பிரிக்க ஹபிள் மாதிரி கூர்மை தேவை.

அப்புறம் இடத்தை மாற்றிப் பாருங்கள். விண்மண்டல நெடுவரை (பால்வீதியின் நடுவிலிருந்து அதன் தளத்தை ஒட்டி அளக்கும் கோணம்) +5 பாகையில் திரள் பிரகாசமாகவும், -5-இல் மங்கலாகவும் இருக்கும். அதாவது ஒரு பக்கம் நமக்குக் கிட்டே, மறுபக்கம் தூரத்தில். புடைப்பு உருண்டை இல்லை, சாய்ந்து கிடக்கும் ஒரு நீளக் கட்டை (bar) என்று 1990-களில் இப்படித்தான் காட்டினார்கள். நெடுவரை 0, அகலவரை -8-க்கு இறங்கி ஆரத்தை 30 ஆர்க்மினிட் ஆக்கினால், திரள் சுமார் அரை மேக்னிடியூட் இடைவெளியில் இரண்டாகப் பிரிந்து நிற்கும்.