இதய மாத்திரை விட்டுப்போகாமல் இருக்க: வீட்டிலேயே செய்யக்கூடிய ஏற்பாடு, படிப்படியாக

அப்பாவுக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (குழாய் அடைக்காமல் திறந்துவைக்கும் சின்ன வலைக்குழல்) வைத்து நாலு மாதம் ஆகியிருந்தது. மேஜை இழுப்பறையை ஒழுங்குபடுத்தப் போனபோது, பாதி பிரித்தும் பிரிக்காமலும் ஒன்பது மாத்திரை அட்டைகள் அடியில் கிடந்தன. தினமும் "போட்டாச்சு, போட்டாச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அன்றைக்குக் கத்திவிட்டேன். பலன் என்ன தெரியுமா? அடுத்த வாரத்திலிருந்து அட்டைகளை இன்னும் பத்திரமான இடத்தில் ஒளித்துவைத்தார்.

நாள்பட்ட நோய்களுக்கு மருந்து எடுப்பவர்களில், வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப் பேர்தான் சொன்னபடி எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2003 அறிக்கை சொல்கிறது. ஆகவே உங்கள் வீட்டில் இருப்பவர் ஒன்றும் அதிசயப் பிறவி இல்லை. திட்டி நடக்காதது, ஏற்பாட்டை மாற்றினால் நடக்கும்.

ஒரு எச்சரிக்கை: கீழே உள்ளதெல்லாம் மாத்திரையை ஒழுங்காக எடுக்க உதவும் வழிகள். மருந்தையோ அளவையோ மாற்றுவது மருத்துவரின் வேலை.

படி 1: காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் படியை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். "மாத்திரை போட்டீங்களா?" என்ற கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அதற்குப் பதிலாக, "எல்லாருக்கும் நடுவுல ஒண்ணு ரெண்டு விட்டுப்போகும். போன வாரம் உங்களுக்கு எந்தெந்த நாள் விட்டுப்போச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். விட்டுப்போனதைக் குற்றமாக்காமல் கேட்டால், பெரும்பாலும் உண்மை வந்துவிடும்.

அப்பாவிடம் வந்த பதில் எனக்கே ஆச்சரியம். மறதியே இல்லை. வெளியே கிளம்பும் நாளில் நீர் மாத்திரையைத் தொடமாட்டார். வழியில் எங்கே ஒதுங்குவது என்ற கவலை. கொழுப்பு மாத்திரையால் கால் வலிக்கிறது என்று அதையும் விட்டிருந்தார். இப்படிப்பட்டவருக்கு அலாரம் வைத்து என்ன பயன்? அலாரத்தை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

"நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்திரை?" என்பது இன்னொரு வகை. இவர்களுக்கு விஷயத்தை நேராகச் சொல்லவேண்டும். ஸ்டென்ட் வைத்தபின் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளைச் சீக்கிரமே நிறுத்தினால், ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளக்கூடும். இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையைத் திடீரென்று விட்டால் இதயத் துடிப்பு எகிறி நெஞ்சு வலி திரும்பலாம். நன்றாக இருப்பதே அந்த மாத்திரைகளின் தயவில்தான்.

படி 2: அந்தக் காரணத்தோடு மருத்துவரிடம் போங்கள்

"சரியா சாப்பிட மாட்டேங்கிறார் டாக்டர்" என்று புகார் சொல்வதைவிட, "வெளியே போகும் நாளில் நீர் மாத்திரையை விட்டுவிடுகிறார்" என்று சொன்னால் தீர்வு கிடைக்கும். எங்களுக்கு நேரத்தை மாற்றிக் கொடுத்தார்கள், பிரச்சினை அன்றோடு முடிந்தது. ராமிப்ரில் வகை ரத்த அழுத்த மாத்திரையால் வறட்டு இருமல் வந்தால், அதற்கு மாற்று வகை இருக்கிறது.

கொழுப்பு மாத்திரை பற்றி ஒரு சுவையான ஆய்வு. ஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தியிருந்த 60 பேருக்கு, சில மாதம் உண்மையான மாத்திரை, சில மாதம் மருந்தே இல்லாத போலி மாத்திரை, சில மாதம் வெறும் புட்டி என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். உபாதையை அவர்கள் தினமும் கைபேசியில் பதிந்தார்கள். உண்மை மாத்திரையால் வந்த தொந்தரவில் சுமார் 90 விழுக்காடு போலி மாத்திரையிலும் வந்தது. முடிவைப் பார்த்தபின் பாதிப் பேர் மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். (2020-இல் வெளியான சாம்சன் ஆய்வு.) வலி பொய் என்று அர்த்தமில்லை, வலி நிஜம்தான், காரணம்தான் வேறு. அப்பாவும் ஒரு மாதம் வலியைக் குறித்துவைத்தார். மாத்திரை போடாத நாளிலும் கால் வலித்திருந்தது!

அப்புறம், எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா என்றும் கேளுங்கள். மாரடைப்பு வந்த சுமார் 2,500 பேரை வைத்து நடந்து 2022-இல் வெளியான செக்யூர் ஆய்வில், ஆஸ்பிரின், ராமிப்ரில், அடோர்வாஸ்டாட்டின் (ஒரு ஸ்டாட்டின்) மூன்றையும் ஒரே மாத்திரையாக எடுத்தவர்கள் அதை ஒழுங்காகவும் எடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 12.7 விழுக்காட்டினருக்கு வந்தன, இவர்களில் 9.5 விழுக்காட்டினருக்குத்தான்.

படி 3: ஏற்கெனவே உள்ள பழக்கத்தில் கட்டிவிடுங்கள்

"காலையில் போடணும்" என்பது திட்டமே இல்லை. "பல் தேய்த்து பிரஷை வைத்த கையோடு, பக்கத்தில் இருக்கும் டப்பாவைத் திறப்பேன்" என்பதுதான் திட்டம். இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைப்பதன் பலனை பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-லேயே எழுதியிருக்கிறார். வாக்கியத்தை நோயாளியே தன் கைப்பட எழுதி, அந்த இடத்தில் ஒட்டட்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் டிகாக்ரெலார் மாதிரி இருவேளை மாத்திரை என்றால் இரண்டு முடிச்சு வேண்டும்.

21 நாளில் பழக்கமாகிவிடும் என்பதை நம்பவேண்டாம். லண்டனில் 96 பேரிடம் நடத்திய ஆய்வில், நடுத்தரக் கணக்காக 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை. நடுவில் ஒரு நாள் விட்டதால் பழக்கம் கலைந்துவிடவும் இல்லை.

படி 4: ஏழு நாள் டப்பா

நாளுக்கு ஓர் அறையாகப் பிரித்த மாத்திரை டப்பா இது. வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், மருந்துச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். "போட்டேனா இல்லையா?" என்ற சந்தேகத்துக்கு அன்றைய அறையைப் பார்த்தாலே பதில் கிடைக்கும். நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையை மட்டும் இதில் போடாதீர்கள். தன் கண்ணாடிப் புட்டியை விட்டு வெளியே வந்தால் அதன் வீரியம் குறையும்.

படி 5: அலாரம், பரிசு, கண்காணிப்பு

இவற்றின்மேல் பெரிய நம்பிக்கை வைக்காதீர்கள். மாரடைப்பு வந்த 1,509 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் மின்னணு மாத்திரைப் புட்டி, தினசரி லாட்டரிப் பரிசு, விட்டுப்போனால் உறவினருக்குத் தகவல் என்று அமெரிக்காவில் எல்லாவற்றையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டு கழித்து, சாதாரண கவனிப்பில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. மறதி மட்டுமே காரணமாக இருப்பவருக்கு அலாரம் வையுங்கள். சரி, அவ்வளவுதான்.

படி 6: விட்டுப்போனால் என்ன செய்வது?

இதை முன்பே கேட்டு எழுதிவையுங்கள். பொதுவாக, அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடலாம். இரண்டு வேளைக்குச் சேர்த்து மட்டும் போடக்கூடாது. எது எவ்வளவு தாமதமானால் பரவாயில்லை என்பது மாத்திரைக்கு மாத்திரை வேறுபடும்.

படி 7: தீர்வதற்கு முன் வாங்குங்கள்

எல்லாம் ஒழுங்காக நடந்து, கடைசியில் மாத்திரை தீர்ந்துபோனதால் மூன்று நாள் இடைவெளி விழும். எங்கள் வீட்டிலும் நடந்தது. இப்போது ஏழு நாளுக்கான மாத்திரையைத் தனி உறையில் போட்டு, மேலே "வாங்கு" என்று எழுதியிருக்கிறோம். அந்த உறையைப் பிரிக்கும் நாளில் மருந்துக் கடைக்குப் போவது அப்பாவின் வேலை. உறையில் எழுதியதும் அவர்தான்.