தொல்லிடங்களில் லெட்டர்பாக்ஸிங்: தேடும் முறையும் பெட்டி வைக்கும் முறையும்

ஒருவர் மறைத்துவைத்த சிறு பெட்டியை, அவர் எழுதிய குறிப்புகளைக் கொண்டு நடந்தே கண்டுபிடித்து, அதிலுள்ள ரப்பர் முத்திரையைத் தம் ஏட்டில் பதித்துக்கொண்டு, தம் முத்திரையைப் பெட்டியின் ஏட்டில் பதித்துவிட்டு, பெட்டியை இருந்தபடியே மீண்டும் வைத்துவிட்டு வருவதே லெட்டர்பாக்ஸிங். இங்கிலாந்தின் டெவன் பகுதியிலுள்ள டார்ட்மூர் மேட்டுநிலத்தில் இது தொடங்கியது. அங்கே கிரான்மியர் பூல் என்னும் எளிதில் அடைய முடியாத சதுப்புப் பள்ளத்தில், ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி 1854-இல் ஒரு கண்ணாடிக் குப்பியை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தம் பெயர்ச் சீட்டை அதில் இட்டுச் சென்றார்கள். பின்னர் கடிதங்களையும் அஞ்சலட்டைகளையும் விட்டுச்செல்லும் வழக்கமும், அடுத்து வருபவர் அவற்றை எடுத்துப்போய் அஞ்சலில் சேர்க்கும் வழக்கமும் உண்டாயின. அமெரிக்காவில் இது பரவியதற்கு 1998 ஏப்ரலில் ஸ்மித்சோனியன் இதழில் வெளிவந்த ஒரு கட்டுரை பெரும் காரணம்.

கோட்டை இடிபாடுகள், பழைய போர்க்களங்கள், கல்வட்டங்கள், கைவிடப்பட்ட சுரங்க ஊர்கள் போன்ற வரலாற்று இடங்கள் இந்தத் தேடலுக்கு மிகவும் பொருந்துபவை. ஏனெனில் அங்கே குறிப்பு எழுதுவதற்கான பொருள் ஏற்கெனவே கல்லிலும் மண்ணிலும் இருக்கிறது. ஆனால் எளிதில் சிதையக்கூடியவையும் அவையே. ஆகவே அடிப்படை விதி ஒன்று உண்டு: குறிப்பு தொல்பொருளைப் பார்க்கச் செய்யலாம், பெட்டி ஒருபோதும் அதில் இருக்கக் கூடாது. டார்ட்மூரின் நடத்தை நெறியும் இதையே கூறுகிறது. கல்வரிசைகள், கல்வட்டங்கள், ஈமக் குவியல்கள், கல்லறைப் பேழைகள், சுவர்கள், இடிந்த கட்டடங்கள், தகரச் சுரங்கத் தொழிலாளரின் பழைய குடில்கள் ஆகியவற்றிலோ அவற்றை ஒட்டியோ பெட்டி வைக்கக் கூடாது. சிமென்ட்டோ வேறு கட்டுமானப் பொருளோ கொண்டு பெட்டியை நிலைநிறுத்தவும் கூடாது.

தேடச் செல்பவருக்குத் தேவையான பொருள்கள் சிலவே: சொந்த முத்திரை, மைப் பேடு, கோடிடாத தடித்த தாள்கள் கொண்ட சிறு ஏடு, பென்சில், திசைகாட்டி, அந்தப் பகுதியின் நிலவரைபடம், ஈரம் துடைக்க ஒரு துணி. மழையில் பேனா எழுதாமல் போகலாம், பென்சில் எழுதும். இவற்றோடு ஏடுகளில் கையெழுத்தாக இட ஒரு புனைபெயரையும் வைத்துக்கொள்வது வழக்கம்.

முத்திரையைக் கடையில் வாங்கலாம். ஆயினும் கையால் செதுக்கிய முத்திரைக்கே இந்தப் பொழுதுபோக்கில் மதிப்பு அதிகம், அந்த மதிப்பு நியாயமானதும்கூட. பெரிய அழிப்பான் துண்டோ, செதுக்குவதற்கென்றே விற்கப்படும் மென்மையான ரப்பர் பாளமோ போதும். உருவத்தை மெல்லிய தாளில் மென்பென்சிலால் அழுத்தி வரைந்து, தாளை ரப்பரின் மேல் கவிழ்த்து, முதுகுப்புறத்தை விரல் நகத்தால் சீராகத் தேய்த்தால் கோடுகள் ரப்பரில் இறங்கும். அப்போது உருவம் இடம்வலமாக மாறியிருக்கும். பதிக்கும்போது மறுபடி மாறி நேராக வரும் என்பதால், எழுத்துகள் இருந்தால் அவற்றைத் தாளில் நேராகவே எழுதலாம். பிறகு கூரிய செதுக்குளியால், மை படக் கூடாத பகுதிகளை மட்டும் நீக்க வேண்டும். உளியைச் சற்றே சாய்த்து, கோட்டின் இரு பக்கமும் அடியை நோக்கி விரியும்படி வெட்ட வேண்டும். கோட்டின் அடிப்பகுதியைக் குடைந்துவிட்டால், பத்துமுறை அழுத்துவதற்குள் அந்தக் கோடு மடங்கிக் கிழிந்துபோகும். வளைவுகளில் உளியைத் திருப்புவதைவிட, உளியை அசையாமல் பிடித்து ரப்பரைத் திருப்பினால் கோடு வழுவழுப்பாக வரும். ஆழமாக வெட்டுவதற்கு அவசரம் வேண்டாம், ஒரு தாளில் பதித்துப் பார்த்துப் பார்த்து நீக்கலாம்.

குறிப்புகள் பல வகைப்படும். நிலவரைபடத்தின் கட்ட எண்ணும் (வரைபடத்தின் கட்டங்களைக் கொண்டு ஓர் இடத்தைக் குறிக்கும் எண்) திசைக்கோணங்களும் (வடக்கிலிருந்து அளக்கப்படும் கோணங்கள்) மட்டும் தரும் வறண்ட குறிப்புகள் உண்டு. புதிராகவோ செய்யுளாகவோ அமைந்தவை உண்டு. அந்த இடத்தின் வரலாற்றை அறிந்தால் மட்டுமே அவிழ்பவையும் உண்டு. எந்த வகையாயினும் புறப்படுவதற்கு முன்பே முழுவதும் படித்து, நிலவரைபடத்தில் விரல் வைத்து வழியைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் வரைபடங்களில் ஆறிலக்கக் கட்ட எண் 100 மீட்டர் சதுரத்தையும், எட்டிலக்க எண் 10 மீட்டர் சதுரத்தையும் குறிக்கும். முதலாவது நம்மை அருகில் கொண்டுசேர்க்கும், அதற்குமேல் திசைகாட்டிதான் துணை.

திசைகாட்டி காட்டும் வடக்கும் வரைபடத்தின் வடக்கும் ஒன்றல்ல. அவற்றுக்கு இடையிலான கோணம் இடத்துக்கு இடமும் ஆண்டுக்கு ஆண்டும் மாறும். குறிப்பு எந்த வடக்கைக் கொண்டு எழுதப்பட்டது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். 5 பாகை பிழை சிறிதாகத் தோன்றலாம், ஆனால் 100 மீட்டர் நடந்தபின் அது ஏறத்தாழ 9 மீட்டர் விலகலாகிவிடும். பாறைகள் நிறைந்த சரிவில் அது வேறொரு பாறைக்கே கொண்டுபோய்விடும். குறிப்பில் இரண்டு தொலைவுக் குறிகளின் திசைக்கோணங்கள் தரப்பட்டிருந்தால், இரண்டும் ஒரே சமயத்தில் சரியாகப் பொருந்தும் இடத்தைத் தேடி நகர வேண்டும். நடையைக் கொண்டு தூரம் அளப்பதற்கு, 100 மீட்டரைத் தாம் எத்தனை எட்டில் கடக்கிறோம் என்று சமதரையில் எண்ணிப் பார்த்திருப்பது நல்லது. மேட்டில் எட்டு சுருங்கும். ஒரு காலை வைப்பதை ஓர் எட்டாகச் சிலரும், இரு காலையும் வைத்தபின் ஓர் எட்டாகச் சிலரும் எண்ணுவதால், தூரம் ஒத்துவராவிட்டால் மற்ற முறையிலும் எண்ணிப் பார்க்கலாம்.

இடத்தை அடைந்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கண்ணால் தேடுவதே சிறந்தது. பெட்டி பெரும்பாலும் ஒரு மரத்தின் வேரிடுக்கிலோ, இயற்கையான பாறைப் பிளவிலோ, அவற்றின் முன் சார்த்திவைத்த தளர்ந்த கல்லின் பின்னோ இருக்கும். பழஞ்சுவரின் கல்லை அசைத்தோ, பாசியை உரித்தோ, மண்ணைத் தோண்டியோ பார்க்கத் தேவைப்பட்டால், தேடுபவர் தவறான இடத்தில் நிற்கிறார் என்றே பொருள். இது நயத்தக்க நாகரிகம் மட்டுமன்று, சட்டமும்கூட. பிரிட்டனில் தொன்மைச் சின்னங்களுக்கான 1979-ஆம் ஆண்டுச் சட்டமும், அமெரிக்கப் பொதுநிலங்களிலுள்ள தொல்பொருள்களுக்கான, அதே ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமும் இத்தகைய சேதத்தைக் குற்றமாக்கியுள்ளன. டார்ட்மூரின் வடபகுதியில் ராணுவத் துப்பாக்கிப் பயிற்சிக் களங்கள் இருப்பதால், பயிற்சி நேர அறிவிப்பை முன்கூட்டியே பார்த்துச் செல்ல வேண்டும். சிவப்புக் கொடி பறக்கும்போது எல்லைக்குள் நுழையவே கூடாது.

பெட்டி கிடைத்ததும், அது எந்தப் பக்கம் பார்த்திருந்தது, எந்தக் கல் எதன்மேல் இருந்தது என்பதை ஒரு கணம் நின்று மனத்தில் பதித்துக்கொண்டு, சில மீட்டர் தள்ளிப்போய்த் திறக்க வேண்டும். வழிப்போக்கர் யாரேனும் பார்த்தாலும் மறைவிடம் தெரியாது. முத்திரையை மைப் பேடில் குத்துவதைவிட, முத்திரையைத் திருப்பிப் பிடித்து அதன் முகத்தில் பேடை மெதுவாகத் தட்டினால் மை சீராகப் படியும், செதுக்கிய பள்ளங்களில் மை தேங்காது. நீர் மைப் பேனாக்களால் முத்திரையின் பகுதிகளுக்கு வெவ்வேறு நிறம் தீட்டுபவர்கள், மை காய்ந்துவிட்டால் வாயால் ஒருமுறை சூடான மூச்சை ஊதிவிட்டுப் பதிப்பார்கள். அந்த ஈரமே போதும். பெட்டியின் ஏட்டில் தம் முத்திரையையும் புனைபெயரையும் தேதியையும் இட்டபின், முத்திரையைத் துடைத்து, ஏடும் முத்திரையும் இருக்கும் பைகளிலுள்ள காற்றை வெளியேற்றி மூடி, முன்பிருந்த நிலையிலேயே வைக்க வேண்டும். ஏற்கெனவே எழுதியிருப்பவர்களின் பக்கங்களை நிதானமாகப் படிப்பதற்கும் நேரம் ஒதுக்குங்கள். ஒரு கோட்டையைப் பனியிலும் கோடையிலும் பார்த்தவர்கள் எழுதிய வரிகள் அங்கே இருக்கும்.

தாமே பெட்டி வைக்க விரும்புபவர் முதலில் நிலத்தின் உரிமையாளரையோ பராமரிப்பவரையோ கேட்க வேண்டும். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் அனுமதியின்றிப் பொருள்களை விட்டுச்செல்வது விதிமீறல். எங்கும் கேட்காமல் வைக்கப்பட்ட பெட்டியை ஐயத்துக்குரிய பொருளாகக் கருதி அகற்றினால் குறைசொல்ல முடியாது. கேட்கும்போது பெட்டியின் அளவு, வைக்கும் இடம், அதற்கு நடக்க வேண்டிய பாதை மூன்றையும் வரைபடத்தில் காட்டுவது நல்லது. பாதையைத்தான் பராமரிப்பவர்கள் முதலில் பார்ப்பார்கள், ஏனெனில் பத்துப் பேர் ஒரே குறுக்குவழியில் நடந்தால் அங்கே புதிதாக ஒரு தடம் விழுந்துவிடும். பெட்டிக்கு ரப்பர் வளையமும் பூட்டுத் தாழும் உள்ள பிளாஸ்டிக் டப்பா ஏற்றது. ஒரு நாள் இரவு முழுவதும் அதை நீரில் அமிழ்த்திவைத்து, உள்ளிருக்கும் தாள் நனையாவிட்டால் பயன்படுத்தலாம். ஏட்டையும் முத்திரையையும் தனித்தனியாக ஜிப் பைகளில் இடுவதும், மூடியில் இது என்ன பெட்டி என்று ஓரிரு வரி எழுதிவைப்பதும் அவசியம். உணவுப் பொருள் எதுவும் வேண்டாம், விலங்குகள் பெட்டியைக் கடித்துத் திறந்துவிடும்.

குறிப்பு எழுதுவதில்தான் பெட்டி வைப்பவரின் திறமை தெரியும். எடுத்துக்காட்டாக, ஒரு கோட்டை வாசலின் கல்லில் 1783 என்று செதுக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். “வாசல் வளைவுக்கு எதிரே நின்று ஆண்டைப் படியுங்கள், நான்கு இலக்கங்களையும் கூட்டுங்கள், கோட்டைக்கு முதுகைக் காட்டிப் பாதையின் வேலிக்கம்பங்களை அந்த எண் வரை எண்ணிச் செல்லுங்கள்” என்று எழுதினால், தேடுபவர் கல்வெட்டைக் கட்டாயம் படிப்பார், ஆனால் 19-ஆம் கம்பத்தருகே வந்து நிற்கும்போது கோட்டையைவிட்டு வெகுதூரம் விலகியிருப்பார். கதவின் ஆணிகள், பீரங்கித் துளைகளின் எண்ணிக்கை, ஒரு நினைவுக் கல்லின் மூன்றாம் வரி ஆகியவை நீண்டகாலம் மாறாதவை. அறிவிப்புப் பலகையோ, விழக்கூடிய பட்டமரமோ ஆதாரமானால் ஒரே புயலில் குறிப்பு பயனற்றுப்போகும்.

எழுதியதை அந்த இடத்தை அறியாத ஒருவரிடம் கொடுத்து, வழி சொல்லாமல் பின்னால் நடந்து பார்க்க வேண்டும்; அவர் தயங்கி நிற்கும் இடத்திலுள்ள வரியைத்தான் திருத்த வேண்டும். பெட்டி வைத்தபின் ஆண்டுக்கு ஒருமுறையேனும், குறிப்பாக மழைக்காலம் முடிந்ததும், போய் ஏட்டைப் பார்த்து, ஈரமானால் மாற்ற வேண்டும். சுற்றிலும் தரை தேய்ந்திருந்தாலோ, தேடுபவர்கள் பழங்கற்களை அசைத்திருப்பது தெரிந்தாலோ, பெட்டியை அன்றே எடுத்துவிட்டுக் குறிப்பையும் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். பெட்டி இல்லாத குறிப்பு வெளியே உலவினால், இல்லாத ஒன்றைத் தேடி மக்கள் அந்தக் கற்களையே மீண்டும் புரட்டுவார்கள்.