மருந்தடிக்கும் முன் ஓலையைத் திருப்பிப் பாருங்கள்

தென்னை ஓலையில் சாறு உறிஞ்சும் சுருள் வெள்ளை ஈ, நம் நாட்டில் 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்டது. அப்புறம் வந்த ஒரு கோடையில் எங்கள் தோப்பிலும் அடிமட்டைகள் கரி பூசியது போல ஆகிவிட்டன. கடைக்காரர் கொடுத்த மருந்தை இரண்டு முறை அடித்தேன். ஒரு மாதத்தில் ஈ திரும்பி வந்தது. அதை அழிக்கும் குளவியைத்தான் காணோம், மருந்து அதையும் கொன்றுவிட்டது.

அந்தக் குளவியின் பெயர் என்கார்சியா. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, கொட்டவும் கொட்டாது. ஈயின் குஞ்சுக்குள் முட்டையிடும்; குளவிப் புழு உள்ளிருந்தே அதைத் தின்றுவிடும். ஆகவே முதல் வேலை, கீழ்மட்டையிலிருந்து ஓலையைக் கிள்ளி அடிப்பக்கத்தை லென்ஸில் பார்ப்பது. வெளிர் மஞ்சளாக இருந்தால் ஈக்குஞ்சு உயிரோடு இருக்கிறது. கறுத்திருந்தால் உள்ளே குளவி. கறுப்பில் வட்டமாக ஓட்டை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது. பாதிக்கு மேல் கறுத்திருந்தால் நான் ஒன்றும் செய்வதில்லை, சும்மா இருப்பேன். கஷ்டமான வேலை அதுதான்.

கறுப்பே இல்லையென்றால் குளவியைக் கொண்டுவர வேண்டும். ஆழியாறு நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். இல்லாவிட்டால் மருந்தடிக்காத தோப்பிலிருந்து கறுத்த குஞ்சுள்ள ஓலைத்துண்டுகளை வாங்கி வாருங்கள். ஓட்டை விழுந்ததை எடுக்காதீர்கள், அது காலிக் கூடு. ஏக்கருக்கு 10 துண்டு போதும். வெயில் தாழ்ந்தபின், ஈ அப்பியிருக்கும் ஓலையின் அடியில் ஸ்டேப்ளர் அடித்துவிடுங்கள். ஈக்குஞ்சைத் தின்னும் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை கிடைத்தால் ஏக்கருக்கு 400 விடலாம்.

மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி ஏக்கருக்கு 8 கட்டச் சொல்வார்கள். பறக்கும் ஈ நன்றாக ஒட்டும். ஆனால் குளவி விட்ட மரத்துப் பக்கத்தில் நான் கட்டுவதில்லை, குளவியும் ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம். ஊடுபயிராக வாழையும், வரப்போரம் கல்வாழையும் இருக்கட்டும். அவற்றிலும் இந்த ஈ கொஞ்சம் இருக்கும், அதை நம்பிக் குளவியும் தங்கும்.

ஓலை மேலுள்ள கரி, ஈ கழிக்கும் இனிப்புத் திரவத்தில் வளரும் பூசணம். லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்துத் தெளித்தால், காய்ந்து கரியோடு உரிந்து விழும். முதல்முறை நான் மைதா வாங்கி வந்தபோது, “மரத்துக்குப் பரோட்டாவா?” என்று வீட்டில் கேட்டார்கள்.