மலைச்சரிவை ஒட்டிப் பறப்பவர்களுக்கு

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் லாங் மிண்ட் என்றொரு மலை இருக்கிறது. உயரம் 516 மீட்டர்தான். மேற்கிலிருந்து வரும் காற்று அதன் செங்குத்தான சரிவில் மோதி மேலெழும்பும். எஞ்சின் இல்லாத கிளைடர் அந்தக் காற்றில் மணிக்கணக்காக மிதக்கும். நான் பழகியது அங்கேதான். புதியவர்களோடு பின் இருக்கையில் உட்காரும்போது முதலில் சொல்வது இதுதான்: திரும்பினால் பள்ளத்தாக்கின் பக்கமே திரும்புங்கள். மலையைப் பார்த்துத் திரும்பினால் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். பாதியில் தப்பு புரிந்தாலும் மீள இடம் இருக்காது. முகட்டுக்கு மேலே நன்றாக உயர்ந்த பிறகே முழு வட்டம்.

திருப்பத்தை முடிக்கும்போது, மூக்கு இன்னும் சற்றே காற்றை நோக்கி இருக்கையில் இறக்கைகளைச் சமமாக்கிவிடுங்கள். மூக்கு ஒரு பக்கம் பார்க்க, கிளைடர் பக்கவாட்டில் நகரும். மலையோரம் இந்த நண்டு நடைதான் சரியான நடை.

அடுத்தது வேகம். பயிற்சிக்கு ஓட்டும் ஏஎஸ்கே 21 வகைக் கிளைடர், மணிக்குச் சுமார் 65 கிலோமீட்டருக்குக் கீழே போனால் இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும். 45 பாகை சாய்ந்து திரும்பினால் அந்த எல்லையே ஏறத்தாழ 77 ஆகிவிடும். சரிவருகே நான் 100க்குக் கீழே இறங்க விடுவதில்லை. காற்று முரடாக இருந்தால் இன்னும் கூட்டுவேன்.

இதை நான் கற்ற விதம் மறக்காது. இரண்டாம் ஆண்டு, அக்டோபர் மாலை. வலது இறக்கை நுனிக்கு அப்பால் பழுப்பேறிய பெரணிப் புதர். அதிலிருந்து ஒரு செம்மறியாடு தலை தூக்கிப் பார்த்தது. நானும் அதையே பார்த்தேன். முன்னால் உயர்ந்துகொண்டே போன சரிவைக் கண் அடிவானம் என்று எடுத்துக்கொண்டது. கை தானாக மூக்கை உயர்த்தியிருக்கிறது. கண்ணாடிக் கூண்டைச் சுற்றி இரைந்த காற்று அடங்கிப்போனதை நான் கவனிக்கவில்லை. பின்னாலிருந்து ஆசிரியர் "வேகம்!" என்றபடி கட்டுப்பாட்டுக் கோலை முன்னே தள்ளினார். முள் 72ல் நின்றது. ஆகவே இரைச்சல் குறைந்தால் முதலில் மூக்கைத் தாழ்த்துங்கள். காரணத்தைப் பிறகு தேடலாம்.

எதிரே ஒருவர் வந்தால், மலை யாருக்கு வலப்பக்கமோ அவர் நேரே போவார். இடப்பக்கம் மலை உள்ளவர் வலம் திரும்பி வெளியே ஒதுங்க வேண்டும். லாங் மிண்டில் வடக்கே போகிறவருக்கே வழி. ஆனால் குளிர்காலப் பிற்பகலில் தெற்கே வருபவரின் கண்ணுக்கு நேராகச் சூரியன் இருக்கும். அவர் உங்களைப் பார்க்காமலே போகலாம். மோதல் ஆபத்தை எச்சரிக்க 2004ல் சுவிட்சர்லாந்தில் வந்த ஃபிளார்ம் கருவி நல்ல துணைதான், ஆனால் எதிரே வருபவரிடமும் அது இருந்தால்தான் எச்சரிக்கும். உரிமையை நம்பிக் காத்திருக்காதீர்கள். ஆல்ப்ஸ் பக்கம் போனால் சரக்கேற்றும் கம்பி வடங்களுக்கும் பயப்படுங்கள். மேலிருந்து அவை கண்ணில் படவே படா.

முகட்டுக்குப் பின்புறம் காற்று கீழே அமுக்கும். தாழ்ந்து அங்கே நழுவாதீர்கள். தூக்கும் காற்று ஓய்ந்தால் எந்த உயரத்தில் சரிவைக் கைவிட்டு அடிவார வயலுக்குப் போவது என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். அந்த வயல்களை நடந்துபோய்ப் பாருங்கள். போன வாரம் நான் போனபோது, எப்போதும் மனத்தில் வைத்திருந்த வயலின் குறுக்கே புதிதாக ஒரு கம்பிவேலி போட்டிருந்தார்கள்.