வேலை முழுவதும் போனில் இருந்தால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலுவலக மெயில், கோப்புகள், வங்கி, கணக்குகளுக்கான ஓடிபி எல்லாம் இப்போது ஒரே போனில். அந்த போன் இன்று தொலைந்தால் நாளை காலை எப்படி லாகின் செய்வோம் என்று பலரும் யோசிப்பதில்லை. எனக்குத் தெரிந்து இதுதான் பெரிய தவறு.

லாகின் செய்யும்போது கேட்கும் எண்ணைத் தரும் ஆத்தென்டிகேட்டர் செயலியையே எடுத்துக்கொள்ளுங்கள். போனுக்குள் ஒரு ரகசியச் சாவியை வைத்துக்கொண்டு, அதையும் அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, வழக்கமாக 30 விநாடிக்கு ஒரு புது எண் தருகிறது. பழைய சிம்மைப் புது போனில் போட்டால் அந்தச் சாவி கூடவே வராது. கூகுள் ஆத்தென்டிகேட்டரில் சாவிகளைக் கூகுள் கணக்கோடு சேமித்துவைக்கும் வசதியே 2023இல்தான் வந்தது. சரி, அந்தக் கூகுள் கணக்குக்குள்ளேயே நுழைய முடியாவிட்டால்? அதற்குத்தான் பேக்கப் கோடுகள் (backup codes), அதாவது முன்கூட்டியே எடுத்துவைக்கும் மாற்று எண்கள். கூகுள் ஒரு தடவைக்கு 10 எண்கள் தருகிறது. ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். அவற்றைக் காகிதத்தில் எழுதி வீட்டில் வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைத்தால், போனோடு அதுவும் போய்விடும்.

எஸ்எம்எஸ் ஓடிபியை மட்டும் நம்புவதும் ஆபத்து. உங்கள் பெயரைச் சொல்லி வேறொருவர் உங்கள் எண்ணுக்குப் புது சிம் வாங்கிவிட்டால், ஓடிபி எல்லாம் அவருக்குப் போகும், உங்கள் சிம் செயலிழந்துவிடும். காரணமே இல்லாமல் சிக்னல் போய், வெகுநேரம் திரும்பவில்லையென்றால் காத்திருக்காதீர்கள். வேறொரு போனிலிருந்து உடனே தொலைபேசி நிறுவனத்தை அழையுங்கள். அப்புறம், பூட்டிய திரையிலேயே செய்தி முழுவதும் தெரியும்படி விடாதீர்கள். போனைத் திறக்காமலே ஓடிபியைப் படித்துவிடலாம்.

வாட்ஸ்அப் குழுவைக் கோப்பறையாக நடத்துவது இன்னொரு தவறு. படமாக அனுப்பும்போது அது சுருக்கப்படுகிறது. ரசீதிலோ வரைபடத்திலோ உள்ள சின்ன எண்கள் மங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். அதைவிட நல்லது, எல்லோருக்கும் பொதுவான ஃபோல்டரில் போட்டுவிட்டு இணைப்பை மட்டும் குழுவில் தருவது. ஒருவர் வேலையை விட்டுப் போனாலும் கோப்பு இருக்கும்.

கடைசியாக, குழுவை நடத்துபவர்களுக்கு ஒன்று. இரவு பதினோரு மணிக்கு "நாளைக்குப் பார்த்தால் போதும்" என்று நீங்கள் அனுப்பினாலும், எதிர்முனையில் இருப்பவர் அன்றிரவே படித்துவிடுவார், தூக்கம் கெடும். பிரான்சில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை குறித்து ஊழியர் தரப்போடு பேசியாக வேண்டும் என்று 2017 முதல் சட்டமே இருக்கிறது. ஜிமெயிலில் அனுப்பும் நேரத்தைக் குறித்துவைக்க முடியும். இரவில் தோன்றியதை இரவிலேயே எழுதிவிடுங்கள்; காலையில் போய்ச் சேரும்படி வையுங்கள்.